ராணுவச் சட்டம், ஊரடங்கு, கடவுச்சீட்டு: தென்கொரியர்கள் சர்வாதிகாரத்தில் எப்படி வாழ்ந்தார்கள்?

2024 டிசம்பர் 3-ம் தேதி இரவு பத்தரை மணி வாக்கில் தென்கொரிய அதிபர் யூன் சுக்-யோல் தொலைக்காட்சியில் தோன்றி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கெல்லாம் நாடாளுமன்றம் கூடி, அதை நீக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. விடிவதற்குள் அதிபர் பின்வாங்கினார். டிசம்பர் 14-ல் அவர்மீது பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஏப்ரல் 4-ல் அரசமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமித்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜூன் 3 தேர்தலில் லீ ஜே-மியுங் அதிபரானார்.

செய்தியைப் படித்த பலருக்கும் இரண்டு குழப்பங்கள். சர்வாதிகாரம் என்றால் வடகொரியா அல்லவா, சாம்சங்கும் கே-பாப்பும் இருக்கும் தெற்கில் ராணுவச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. மற்றொன்று நேர் எதிரானது: அந்த நாட்டைத் தூக்கி நிறுத்தியதே ஒரு சர்வாதிகாரிதானே, இப்போது மட்டும் ஏன் இத்தனை ஆத்திரம்? இரண்டுக்கும் விடை 1961-க்கும் 1987-க்கும் இடைப்பட்ட வாழ்க்கையில் இருக்கிறது. அந்த 26 ஆண்டுகளில் அரசு தன் மக்களை இரண்டு கூறாகப் பார்த்தது. வெளிநாட்டுக்கு அனுப்பி டாலராக்க வேண்டியவர்கள் ஒரு கூறு. உள்ளே பூட்டி வைக்க வேண்டியவர்கள் இன்னொரு கூறு. யார் எந்தக் கூறு என்பதை அவரவர் தீர்மானிக்கவில்லை.

## யார், எப்போது ஆண்டார்கள்?

1. சிங்மான் ரீ (1948–1960). முதல் அதிபர். தேர்தல் மோசடியை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மாசான் துறைமுகத்தில், கண்ணில் கண்ணீர்ப்புகைக் குண்டு பாய்ந்த நிலையில் ஒரு பள்ளி மாணவனின் உடல் மிதந்தது. அதோடு நாடே கொந்தளித்தது. 1960 ஏப்ரலில் பதவி விலகிய ரீ, ஹவாய்க்குப் போய்விட்டார்.

2. பார்க் சுங்-ஹீ (1961–1979). 1961 மே 16-ல் ராணுவப் புரட்சி செய்து வந்த தளபதி. அடுத்த மாதமே கொரிய மத்தியப் புலனாய்வு முகமை தொடங்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1979 அக்டோபர் 26 அன்று, அதே முகமையின் தலைவர் விருந்து மேசையில் அவரைச் சுட்டுக் கொன்றார்.

3. சுன் டூ-ஹ்வான் (1979–1988). 1979 டிசம்பர் 12-ல் ராணுவத்தைக் கைப்பற்றி, 1980 மே 17-ல் ராணுவச் சட்டத்தை நாடு முழுக்க விரித்தவர். மறுநாள் குவாங்ஜு நகரில் தொடங்கியது படுகொலை.

இதில் 1972 தனியாகக் கவனிக்க வேண்டிய ஆண்டு. முந்தைய ஆண்டுத் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் கிம் டே-ஜுங்கிடம் கடும் போட்டியைச் சந்தித்து வென்ற பார்க், அக்டோபர் 17 அன்று ராணுவச் சட்டம் கொண்டுவந்து நாடாளுமன்றத்தைக் கலைத்தார். பிறகு வந்த அரசமைப்புக்கு யூஷின் என்று பெயர். அதன்படி மக்கள் அதிபரைத் தேர்ந்தெடுக்க முடியாது, ஒரு மாநாட்டின் பிரதிநிதிகள்தான் தேர்ந்தெடுப்பார்கள். அந்த டிசம்பரில் 2,359 பிரதிநிதிகளில் 2,357 பேர் பார்க்குக்கு வாக்களித்தார்கள். மீதி இரண்டும் செல்லாத வாக்குகள். நாடாளுமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களையும் அதிபரே நியமித்தார்.

1975 மே மாதம் வந்த அவசர ஆணை எண் 9 இதற்குப் பூட்டு போட்டது. யூஷின் அரசமைப்பைக் குறை சொல்வது குற்றம், அதைத் திருத்தக் கோரி மனு போடுவதும் குற்றம், இப்படிக் குற்றம் நடந்தது என்று செய்தி வெளியிடுவதும் குற்றம். அதற்கு ஒரு மாதம் முன்புதான், அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக எட்டுப் பேருக்கு உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை உறுதி செய்திருந்தது. மறுநாள் காலையிலேயே தூக்கில் போட்டுவிட்டார்கள். 2007-ல் மறுவிசாரணை நடத்தி, அந்த எட்டுப் பேரும் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பு வந்தது.

## ஒரு சாதாரண நாள்

சதி வழக்கும் தூக்கும் எல்லோர் வீட்டுக்கும் வருவதில்லை. எல்லோர் வீட்டுக்கும் வந்தது கடிகாரம்.

நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 4 மணி வரை ஊரடங்கு. இதைத் தொடங்கியது பார்க் அல்ல. 1945-ல் அமெரிக்க ராணுவ நிர்வாகம் கொண்டுவந்தது, பின்னால் வந்த ஆட்சிகள் விடாமல் வைத்துக்கொண்டன. இரவு பதினொன்றரை ஆனால் சோல் நகரத் தெருக்களில் டாக்சிக்கு அடிதடி. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர் விடுதியில் அறை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுக் காலையில் அபராதம் கட்ட வேண்டும். கிறிஸ்துமஸ் முந்தைய இரவு, வருடக் கடைசி இரவு மாதிரி சில நாட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கிறிஸ்தவர் அல்லாத இளைஞர்களும் கிறிஸ்துமஸ் இரவில் மியோங்டோங் தெருக்களை நிரப்பியதற்குக் காரணம் அதுதான். 1981 செப்டம்பரில் சோல் நகருக்கு ஒலிம்பிக் கிடைத்தது. 1982 ஜனவரி 5-ல் நாட்டின் பெரும்பகுதியில் ஊரடங்கு நீங்கியது. விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்பதும் ஒரு காரணம். முப்பத்தாறு வருடம் ஓர் ஊருக்கு நடுராத்திரி என்ற ஒன்று இல்லாமலே இருந்திருக்கிறது.

அடுத்தது உடம்பு. 1973-ல் சில்லறைக் குற்றச் சட்டத்தைத் திருத்தினார்கள். போலீஸ்காரர் கையில் அளவுகோலும் கத்தரிக்கோலும் வந்தன. பெண்ணின் பாவாடை முட்டிக்கு மேல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நடுத்தெருவில் அளப்பார்கள். பையனின் முடி காதை மூடினால் அங்கேயே வெட்டிவிடுவார்கள். சினிமாக் கொட்டகையில் படம் தொடங்குமுன் தேசிய கீதம், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். மாலையில் கொடி இறக்கும் நேரத்தில் தெருவில் போகிறவர் நின்று நெஞ்சில் கை வைக்க வேண்டும். பாட்டுகளுக்கும் தடை வந்தது. ராக் இசைக்கலைஞர் ஷின் ஜுங்-ஹ்யுன், அதிபரைப் புகழ்ந்து பாட்டுப் போடச் சொன்னபோது மறுத்துவிட்டதாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1975-ல் கஞ்சா வழக்கில் அவர் கைதானார், பாடல்களும் முடங்கின.

அப்புறம் எண். 1968 ஜனவரியில் வடகொரியக் கமாண்டோக்கள் 31 பேர் அதிபர் மாளிகைக்குக் கூப்பிடு தூரம் வரை வந்துவிட்டார்கள். அந்த ஆண்டே எல்லாக் குடிமக்களுக்கும் பதிவெண்ணும் அட்டையும் வந்தன, கூடவே விரல் ரேகையும். 1976 முதல் ஒவ்வொரு தெருவிலும் மாதம் ஒருமுறை அண்டை வீட்டார் கூட்டம். சாக்கடை, குப்பை பற்றிப் பேசுவார்கள். அரசு அனுப்பிய தாளையும் வாசிப்பார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வடக்கிலிருந்து வந்த அச்சுறுத்தல் பொய் அல்ல. 1950-ல் தொடங்கிய போர் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது, எல்லை சோல் நகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. அந்த உண்மையான பயத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்பதுதான் கேள்வி. சாராயக்கடையில் போதையில் அரசைத் திட்டியவர்களையும் தேசியப் பாதுகாப்புச் சட்டம், கம்யூனிச எதிர்ப்புச் சட்டம் போன்றவற்றின் கீழ்ப் பிடித்தார்கள். அரிசிக்கள்ளின் பெயரை வைத்து, ‘மக்கொல்லி பாதுகாப்புச் சட்டம்’ என்று மக்கள் இதைக் கேலி செய்தார்கள். முட்டிக்கு மேல் பாவாடையை அளந்ததற்கும் வடகொரியத் தலைவர் கிம் இல்-சுங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஆள் இல்லை.

## வாசல் சாவி யாரிடம் இருந்தது?

இன்றைக்கு உலகின் வலுவான கடவுச்சீட்டுகளில் ஒன்று தென்கொரியாவுடையது. அந்த நாட்டில் ஒரு சாதாரண மனிதர் சும்மா ஊர் சுற்றிப் பார்க்க வெளிநாடு போகலாம் என்று முழுமையாக ஆனது 1989 ஜனவரி 1-ல்தான். ஒலிம்பிக் நடத்தி முடித்த பிறகு!

அதற்கு முன் இருந்த நிலை இது:

1. காரணம் வேண்டும். அரசு வேலை, வணிகம், படிப்பு, வெளிநாட்டு வேலை என்று ஏதாவது ஒன்று. ‘பார்த்துவிட்டு வருகிறேன்’ என்பது காரணம் ஆகாது.

2. குடும்பம் ‘சுத்தமாக’ இருக்க வேண்டும். மாமாவோ பெரியப்பாவோ போர்க்காலத்தில் வடக்கே போயிருந்தால், அல்லது இடதுசாரி என்று பேர் எடுத்திருந்தால், பிள்ளைக்குக் கடவுச்சீட்டு கிடைப்பது கஷ்டம், அரசு வேலையும் கஷ்டம். உறவினர் செயலுக்காக ஒருவரைத் தண்டிப்பதை அரசமைப்பு தடை செய்தது 1980-ல். நடைமுறையில் அதற்குப் பிறகும் இழுத்தது.

3. பாடம் கேட்க வேண்டும். கிளம்புமுன் கம்யூனிச எதிர்ப்பு வகுப்பு. வெளிநாட்டில் வடகொரிய ஏஜென்ட் எப்படி வந்து பேசுவான், என்ன பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள்.

4. காசு வேண்டும். 1983-ல் முதன்முறையாகச் சுற்றுலாவுக்குக் கதவு கொஞ்சம் திறந்தபோதும், 50 வயது தாண்டியவர்களுக்கு மட்டும்தான். அதுவும் 20 லட்சம் வோன் வங்கியில் ஓராண்டு வைப்பு போட்டுவிட்டு.

இதில் டாலர் தட்டுப்பாடும் ஒரு காரணம். அன்னியச் செலாவணியை எந்த ஏழை நாடும் கட்டுப்படுத்தும். ஆனால் பணம் மட்டும்தான் பிரச்சினை என்றால் மாமாவைப் பற்றி ஏன் விசாரிக்க வேண்டும்? வெளியே போகிறவர் எதைப் பார்த்துவிட்டு வருவார், யாரிடம் என்ன சொல்லிவிடுவார் என்ற கவலைதான் பெரிது. 2019-ல் தென்கொரியர்கள் வெளிநாடு போய்வந்த பயணங்கள் 2.8 கோடிக்கும் மேல். நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 5.1 கோடி.

## அனுப்பப்பட்டவர்கள்

உள்ளே பூட்டிய அதே அரசு, நான்கு விதமாக ஆட்களை வெளியே அனுப்பியது.

ஜெர்மனி. 1963 டிசம்பரில் போட்ட ஒப்பந்தப்படி மேற்கு ஜெர்மனியின் ரூர் சுரங்கங்களுக்கு 1977 வரை சுமார் 8,000 ஆண்கள் போனார்கள். மருத்துவமனைகளுக்குச் சுமார் 10,000 செவிலியர்கள் போனார்கள். சுரங்கத்துக்கு விண்ணப்பித்தவர்களில் கல்லூரி படித்தவர்களும் நிறைய. நிலக்கரியைக் கண்ணால் கண்டிராதவர்கள், கனமான மூட்டையைத் தூக்கிக் காட்டித் தேர்வானார்கள். சம்பளத்தில் பெரும்பகுதி ஊருக்குப் போனது. இவர்கள் சம்பளத்தை அடமானம் வைத்துத்தான் ஜெர்மனியிடம் கடன் வாங்கினார்கள் என்று ஒரு கதை இன்றும் உணர்ச்சிகரமாகச் சொல்லப்படுகிறது. கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2008-ல் ஆராய்ந்து, அது உண்மையில்லை என்றது. அனுப்பிய பணம் உண்மை, உழைப்பு உண்மை, அடமானக் கதைதான் இல்லை. 1970-களின் பிற்பாதியில் ஜெர்மனி செவிலியர்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தது. அவர்கள் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கி, தங்கியிருக்கும் உரிமையைப் பெற்றார்கள். சொந்த ஊரில் மனு போட்டால் சிறை என்றிருந்த காலத்தில், அன்னிய ஊரில் மனு போட்டு ஜெயித்த பெண்கள் அவர்கள்.

வியட்நாம். 1964 முதல் 1973 வரை சுமார் 3.2 லட்சம் கொரிய வீரர்கள் அமெரிக்காவின் பக்கம் போரிட்டார்கள். 5,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதிலுக்கு அமெரிக்கப் பணமும் கட்டுமான ஒப்பந்தங்களும் வந்தன. கொரியப் படைகள் அங்கே கிராமத்தவர்களைக் கொன்ற வழக்கு ஒன்றில் 2023-ல் சோல் நீதிமன்றம் கொரிய அரசையே இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

வளைகுடா. 1973 எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு கொரியக் கட்டுமான நிறுவனங்கள் சவூதிப் பக்கம் திரும்பின. 1976-ல் ஹூண்டாய் எடுத்த ஜுபைல் துறைமுக ஒப்பந்தம் மட்டும் சுமார் 93 கோடி டாலர். 1980-களின் தொடக்கத்தில் மத்தியக் கிழக்கில் 1.5 லட்சம் கொரியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய நம்மூர்க் குடும்பங்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை.

குழந்தைகள். 1953-க்குப் பிறகு சுமார் இரண்டு லட்சம் கொரியக் குழந்தைகள் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று தத்து போனார்கள். இதைப் போரின் விளைவு என்றே நினைப்போம். ஆனால் உச்சம் 1985. போர் முடிந்து 32 ஆண்டு கழித்து, அந்த ஒரே ஆண்டில் 8,837 குழந்தைகள். நலத்திட்டத்துக்குச் செலவழிக்க விரும்பாத அரசு, கட்டணம் வாங்கும் முகமைகள், மணமாகாத தாயை ஏற்காத சமூகம் மூன்றும் கைகோத்தன. தாய் தந்தை உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு ‘அனாதை’ என்று பதிவு போட்டார்கள்.

இந்த நான்கிலும் சுரங்கத் தொழிலாளிக்கும் செவிலியருக்கும் ஓரளவு விருப்பம் இருந்தது, வறுமையிலிருந்து தப்பும் வழியும் அதுவாக இருந்தது. குழந்தைகளைக் கேட்க ஆளே இல்லை.

## வெளியே போனாலும் விடாத கை

சரி, ஜெர்மனியில் போய் இறங்கிவிட்டால் தப்பித்துவிட்டோம் என்று அர்த்தமா? 1967-ல் புலனாய்வு முகமை மேற்கு ஜெர்மனியிலும் பிரான்சிலும் வாழ்ந்த கொரியர்களை, கிழக்கு பெர்லினில் இருந்த வடகொரியத் தூதரகத்தோடு தொடர்பு என்று சொல்லிப் பிடித்து சோல் நகருக்குக் கடத்திக்கொண்டு வந்தது. அவர்களில் ஒருவர் இசையமைப்பாளர் யுன் இசாங். சித்திரவதை, ஆயுள் தண்டனை. சிறையிலேயே ஓர் ஓபரா எழுதி முடித்தார். ஜெர்மனி கொதித்தது, ஸ்ட்ராவின்ஸ்கி உள்ளிட்ட சுமார் 200 கலைஞர்கள் மனு போட்டார்கள். 1969-ல் விடுதலையானவர் பெர்லினுக்குத் திரும்பினார், சாகும்வரை தாய்நாட்டுக்குள் வரவே முடியவில்லை. 1995-ல் இறந்தவரின் அஸ்தி 2018-ல்தான் சொந்த ஊர் டோங்யோங் வந்து சேர்ந்தது.

1973 ஆகஸ்டில் டோக்கியோ ஹோட்டல் ஒன்றிலிருந்து கிம் டே-ஜுங்கைத் தூக்கினார்கள். கடலில் எறிய இருந்தவரை, வெளிநாட்டு அழுத்தத்தால் விட்டுவிட்டு, ஐந்து நாள் கழித்து சோல் நகரில் அவர் வீட்டருகே இறக்கிவிட்டார்கள். 1980-ல் இதே மனிதருக்கு மரண தண்டனை விதித்தார்கள். 1997 தேர்தலில் அவர் அதிபரானார்.

## திரும்பி வந்த படச்சுருள்

பூட்டி வைப்பதில் ஒரு கோளாறு உண்டு. ஏற்றுமதியை நம்பி வாழும் நாடு வெளியுலகத்தை முழுக்க மூடிவிட முடியாது. 1980 குவாங்ஜு இதற்குச் சரியான உதாரணம்.

மே 18 அன்று அந்த நகரின் சோன்னாம் பல்கலைக்கழக வாசலில் மாணவர்களைப் பாராசூட் படையினர் தடியாலும் துப்பாக்கி முனைக் கத்தியாலும் தாக்கினார்கள். வேடிக்கை பார்த்தவர்களுக்கும் அடி. மே 20-ல் டாக்சி, பேருந்து ஓட்டுநர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக ராணுவத்தை நோக்கி வந்தார்கள். மறுநாள் மாகாண அலுவலகத்தின் முன் கூட்டத்தின்மேல் துப்பாக்கிச்சூடு. மக்களும் ஆயுதம் எடுத்தார்கள், படை நகரைவிட்டு விலகியது. அடுத்த சில நாட்கள் நகரம் தன்னைத் தானே நடத்திக்கொண்டது. சந்தைப் பெண்கள் சோற்றை உருண்டை பிடித்து எல்லோருக்கும் கொடுத்தார்கள், ரத்தம் கொடுக்க மருத்துவமனைகளில் வரிசை நின்றது. மே 27 விடியற்காலை டாங்கிகளோடு படை திரும்பி வந்து முடித்துவிட்டது. அரசுக் கணக்கிலேயே 160-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். காணாமல் போனவர்கள் தனி.

தொலைபேசி துண்டிக்கப்பட்டது, பத்திரிகைகளுக்குத் தணிக்கை. ‘கலகக்காரர்கள்’ என்றது அரசு. நாட்டின் மற்ற ஊர்களில் அதை நம்பியவர்கள் ஏராளம். அந்த நேரத்தில் ஜெர்மன் தொலைக்காட்சியின் டோக்கியோ ஒளிப்பதிவாளர் யூர்கன் ஹின்ஸ்பீட்டர் டாக்சியில் உள்ளே நுழைந்து படம் எடுத்தார். படச்சுருளைப் பிஸ்கட் டப்பாவில் மறைத்து ஜப்பானுக்குக் கொண்டுபோனார். ஜெர்மனியில் ஒளிபரப்பானதை முதலில் பார்த்த கொரியர்களில் அந்தச் சுரங்கத் தொழிலாளர்களும் செவிலியர்களும் இருந்தார்கள். அரசு டாலருக்காக அனுப்பிய ஆட்களே அரசுக்கு எதிரான சாட்சிகளானார்கள். பிறகு பிரதி எடுத்த வீடியோ கேசட்டுகள் கொரியாவுக்குள் கள்ளத்தனமாக வந்து, தேவாலய அறைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஓடின. 1980-களின் மாணவர் தலைமுறை அந்தக் கேசட்டுகளைப் பார்த்து வளர்ந்தது.

1987 ஜனவரியில் பார்க் ஜோங்-சுல் என்ற மாணவர் போலீஸ் விசாரணையில் தண்ணீர்ச் சித்திரவதையால் இறந்தார். ‘மேசையைத் தட்டினோம், அவர் விழுந்து செத்துவிட்டார்’ என்றது போலீஸ். ஜூன் மாதம் லட்சக்கணக்கானோர் தெருவில். அடுத்த வருடம் ஒலிம்பிக், உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் வாசலில். இன்னொரு குவாங்ஜுவை நடத்த முடியாத நிலை. ஜூன் 29 அன்று ஆளுங்கட்சி வேட்பாளர் ரோ டே-வூ நேரடித் தேர்தலுக்கு ஒப்புக்கொண்டார்.

## அப்படியானால் முன்னேற்றம்?

இரண்டாவது குழப்பத்துக்கு வருவோம். 1961-ல் தென்கொரியாவில் ஒருவருக்கான ஆண்டு உற்பத்தி மதிப்பு நூறு டாலரைத் தொடவில்லை. ஏற்றுமதி 1964-ல் 10 கோடி டாலர், 1977-ல் 1,000 கோடி டாலர். இதை மறுக்க முடியாது. ஆனால் இதிலிருந்து ‘சர்வாதிகாரம் இருந்தால் முன்னேறலாம்’ என்று தாவுவதற்குமுன் சிலவற்றைப் பார்க்க வேண்டும்.

1. அடித்தளம் முன்பே போடப்பட்டது. நிலச் சீர்திருத்தம் 1950-ல், பார்க் வருவதற்குப் பதினொரு ஆண்டு முன்பே நடந்தது. பெரிய நிலவுடைமையை உடைத்தது அது. தொடக்கக் கல்வியும் 1950-களிலேயே பரவிவிட்டது.

2. ராணுவச் சட்டம் மட்டும் போதும் என்றால் பிலிப்பைன்ஸ் பணக்கார நாடாகியிருக்க வேண்டும். மார்கோஸ் அதை அறிவித்தது 1972 செப்டம்பரில், யூஷினுக்கு ஒரு மாதம் முன்பு.

3. மலிவான ஏற்றுமதியின் விலையை யாரோ கொடுத்தார்கள். 1970 நவம்பரில் சோல் நகரின் அமைதிச் சந்தைத் தையற்கூடங்களில் வேலை பார்த்த சுன் டே-இல், ‘தொழிலாளர் சட்டத்தைக் கடைப்பிடியுங்கள்’ என்று முழங்கியபடி தீக்குளித்தார். வயது 22. அவர் புதுச் சட்டம் கேட்கவில்லை, இருந்த சட்டத்தைத்தான் கேட்டார். 1979 ஆகஸ்டில் சவரிமுடித் தொழிற்சாலைப் பெண்கள் வேலை கேட்டு எதிர்க்கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள். போலீஸ் புகுந்ததில் ஒரு பெண் இறந்தார். அதைத் தொட்டு எழுந்த அரசியல் புயலில்தான் இரண்டே மாதத்தில் பார்க் ஆட்சி முடிந்தது.

4. ஜனநாயகம் வந்ததும் வளர்ச்சி நிற்கவில்லை. 1987 கோடையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வேலைநிறுத்தங்கள் நடந்து கூலி ஏறியது. அதன் பிறகுதான் நினைவகச் சிப்புகளில் சாம்சங் உலக முதலிடம் பிடித்தது. பாடல்களுக்கு முன்தணிக்கை ஒழிந்தது 1996-ல். கே-பாப் அதற்குப் பிந்திய பிள்ளை.

என் கருத்து, பார்க் ஆட்சியின் தொழில்கொள்கையில் கெட்டிக்காரத்தனம் இருந்தது, அளவுகோலும் தூக்குக்கயிறும் அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் பகுதி அல்ல. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பது அந்த ஆட்சியே செய்த விளம்பரம்.

## 2024-ல் ஏன் பலிக்கவில்லை?

‘நாடாளுமன்றம் பெரும்பான்மையால் கேட்டால் அதிபர் ராணுவச் சட்டத்தை நீக்க வேண்டும்’ என்ற விதி இன்றைய அரசமைப்பின் 77-வது பிரிவில் இருக்கிறது. 1987-ன் கொடை என்று இதைச் சொல்கிறார்கள். உண்மையில் இதே மாதிரி விதி யூஷினிலும் இருந்தது. 1980 மே மாதம் உறுப்பினர்கள் கூடப் போனபோது ராணுவம் வாசலை மறித்துவிட்டது. விதி ஏட்டில் கிடந்தது.

1987-ல் மாறியவை வேறு. நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் அதிபரிடமிருந்து பறிக்கப்பட்டது. அரசமைப்பு நீதிமன்றம் என்று ஒன்று உருவானது. அதனால் யூனின் ஆட்கள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: 300 உறுப்பினர்களில் 151 பேர் அரங்குக்குள் வந்து சேராமல் தடுப்பது.

அவருடைய முதல் ஆணை 1980-ன் நகல் போலவே இருந்தது. நாடாளுமன்றம், கட்சி, ஊர்வலம் எல்லாம் தடை, ஊடகம் ராணுவத்தின் கையில். வேலைக்கு வராத பயிற்சி மருத்துவர்கள் 48 மணி நேரத்தில் திரும்பாவிட்டால் தண்டனை என்ற புதுச்சரக்கு ஒன்றும் இருந்தது. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அந்த வாசகங்களைப் படித்ததுமே எது என்று தெரிந்துவிட்டது. அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த லீ ஜே-மியுங் தான் சுவரேறிக் குதிப்பதை நேரலையில் காட்டினார். 67 வயது சபாநாயகரும் வேலி ஏறினார். ஊழியர்கள் மேசை நாற்காலிகளை அடுக்கி, தீயணைப்பான்களைப் பீச்சிப் படையினரைத் தாமதப்படுத்தினார்கள். வெளியே கூடிய மக்கள் ராணுவ வண்டிகளை மறித்தார்கள். வாக்கெடுப்பில் 190 பேர் இருந்தார்கள், 190-ம் ஆதரவு. அதில் 18 பேர் அதிபரின் சொந்தக் கட்சி. உள்ளே நுழைந்த வீரர்கள் சுடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குவாங்ஜுவுக்காக சுன் டூ-ஹ்வானுக்கு 1996-ல் மரண தண்டனை விதித்த நாடு அது. பின்னர் தண்டனை குறைந்து மன்னிப்பும் கிடைத்தது, ஆனாலும் ஆணையிட்ட தளபதி குற்றவாளிக் கூண்டில் நிற்கலாம் என்பது படைக்குள் எல்லோருக்கும் தெரியும்.

## முடியாத கணக்குகள்

1948-ல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம் இன்றும் இருக்கிறது. வடக்கைப் ‘புகழ்வதை’ குற்றமாக்கும் 7-வது பிரிவு செல்லும் என்று அரசமைப்பு நீதிமன்றம் 2023 செப்டம்பரிலும் சொன்னது. 1968-ல் உளவாளிகளைப் பிடிக்க வந்த பதிவெண் இல்லாமல் இன்று கைபேசி வாங்குவதுகூடச் சிரமம். 1975 முதல் 1987 வரை ‘நாடோடிகளை’ அள்ளிக்கொண்டுபோய் அடைத்த பூசான் சகோதரர் இல்லத்தில் 657 பேர் இறந்ததாக உண்மை ஆணையம் 2022-ல் கணக்குச் சொன்னது.

தத்து போன குழந்தைகள் இப்போது நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். டென்மார்க், அமெரிக்கா என்று பல நாடுகளிலிருந்து ஆணையத்துக்கு மனு அனுப்பியவர்கள் 367 பேர். 2025 மார்ச்சில் ஆணையம் 56 பேர் விஷயத்தில் உரிமை மீறல் நடந்தது, அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று ஏற்றது. அடுத்த மாதமே உறுப்பினர்களுக்குள் தகராறு வந்து விசாரணை நின்றது. அக்டோபரில் அதிபர் லீ மன்னிப்புக் கேட்டார். மீதி 311 மனுக்களுக்கு அந்த ஆணையம் முடிவு சொல்லவில்லை.